யார் திறந்து பார்த்தார்கள்

இனி பிரிண்ட் டிசைன், துணி நிறத்துக்கான ஷேடு எதுவும் வாட்ஸ்அப்பில் போகக்கூடாது என்று எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் சொல்லிவிட்டார். எல்லாம் கிளவுடில் இருக்கும். எந்த ஃபைலை எந்தக் கம்பெனி பார்க்கலாம், எத்தனை நாள் பார்க்கலாம் என்று நான்தான் விதி போடவேண்டும். யார் எப்போது திறந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பெருமாநல்லூரில் நாற்பது மிஷின் வைத்து பனியன் தைக்கிற எனக்கு அந்தக் கடைசி வசதிதான் ரொம்பப் பிடித்துப்போனது. நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. பூட்டிவிட்டுப் போன கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன்.

எங்கள் துணிக்குப் பத்து வருடமாகச் சாயம் போடுகிறவர் ஒருவர். என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஆரம்பத்தில் சோம்பலில் அவருக்கு மொத்த ஃபோல்டரையும் திறந்து விட்டிருந்தேன். ஒரு நாள் யார் யார் திறந்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தால், ஒவ்வொரு ஆர்டரிலும் பிரிண்ட் டிசைனைத் திறந்திருக்கிறார். சாயம் போடுகிறவருக்கு ஷேடு போதும். நெஞ்சில் வருகிற படம் அவருக்கு எதற்கு?

அதே வாரம், எங்கள் படம் அப்படியே இருக்கிற சாம்பிள் பனியன் ஒன்றை வேறொரு கம்பெனியில் பார்த்தேன். அண்ணாதான் படத்தை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். வேறு யாரையும் யோசிக்கவேயில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஃபோல்டரை மூடினேன். சிவப்புத் துணி ஆர்டரின் ஷேடு ஃபைலை மட்டும் ஐந்து நாளைக்குத் திறந்து வைத்தேன். மாட்டிக்கொண்டாரா என்று ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது.

ஏழாம் நாள் பையர் அந்தச் சிவப்பை ஒரு படி ஆழமாக்கிப் புது ஷேடு ஏற்றினார். முன்பென்றால் உடனே ஃபோன் போட்டு, “அண்ணா, ஷேடு மாறியிருக்குதுங்க” என்று சொல்லியிருப்பேன். அப்போது அவர் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை. கிளவுடில்தான் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஐந்து நாள் முடிந்துபோனது என் நினைவிலேயே இல்லை.

துணி வந்தது, பழைய சிவப்பில். கப்பலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவர் பட்டறைக்குப் போய்க் கத்தினேன். புது ஷேடைப் பார்க்கவில்லையா, படத்தை மட்டும் பார்க்கத் தெரிகிறதா என்று கேட்டேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். ஃபோனை எடுத்துக் காட்டினார். பார்க்க அனுமதி இல்லை என்று அதில் இருந்தது.

“படத்துல வெள்ளை இருந்தா இன்னொருக்கா சோப்பு வாஷ் போட்டுத்தானுங் தம்பி குடுப்பேன். இல்லீன்னா சிவப்பு எறங்கி வெள்ளைல ஒட்டிக்கும். அதுக்குத்தான் பாக்கறது.”

பத்து வருடமாக எங்கள் துணியில் சாயம் இறங்கியதே இல்லை. அது என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். பூட்டு விழுந்ததும் ஏன் ஒரு ஃபோன் போடவில்லை என்று கேட்டேன்.

“தம்பியே வேண்டாம்னு மூடியிருக்கறப்ப, தொறங்கன்னு எப்புடிங்க கேக்கறது?”

நல்ல வேளை, வெளிர் சிவப்பை ஆழமாக்க முடியும். ராத்திரி பகலாக மறுசாயம் போட்டுக் கொடுத்தார். ஆர்டர் தப்பியது. அந்த இன்னொரு பனியன் விஷயமும் பிறகு தெரிந்தது: பையரே இரண்டு கம்பெனிக்கும் படத்தைக் கொடுத்து சாம்பிள் கேட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அன்றைக்கே அண்ணனுக்கு மொத்த ஃபோல்டரையும் திறந்துவிட்டேன், நாள் கணக்கு ஏதும் இல்லாமல்.

இப்போதும் பட்டியலைப் பார்க்கிறேன், குணம் எங்கே போகும்? ஷேடை மட்டும் திறக்கிறார். டிசைனுக்கு நேரே அவர் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஃபோன் போட்டு, “படத்துல வெள்ளை இருக்குதுங்களா?” என்று கேட்கிறார். இருக்குதுங்கண்ணா என்கிறேன். சரிங்க என்று வைத்துவிடுகிறார். நீங்களே திறந்து பாருங்கள் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.