மிச்சமிருந்த ஒன்று

காலை ஒன்பதரை மணி. தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில், கொக்கியில் இரண்டு டன் கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு இடது அடிவயிறு சுரீரென்று இழுத்தது.

டவர் கிரேன் ஓட்டும் அவளுக்கு வயது இருபத்து மூன்று. கட்டடம் எழும்பும் அந்த இடத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பருந்து என்பார்கள். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத பெண்ணுக்கு நாள் முழுக்கக் கண்ணாடிக் கூண்டில் உட்காரும் வேலை கிடைத்ததே என்று அம்மாவே கிண்டலடிப்பாள். கூண்டுக்குள்ளும் அவள் கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த வலி அவளுக்குப் பழக்கப்பட்டது. பதினாலு வயதில் வலது பக்கம் வந்தது. வாயு என்றார்கள், சூடு என்றார்கள். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வலது சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்று செத்திருந்தது. எடுத்துவிட்டார்கள். அபூர்வமாக வருவது, இன்னொரு பக்கமும் வருவது அதைவிட அபூர்வம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நேற்று மாலையே இடது பக்கம் லேசாக இழுத்துவிட்டு நின்றது. கிரேன்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடுவில் கழிப்பறைக்கு இறங்கி ஏற முடியாது என்பதால் தண்ணீரே குடிக்காமல் காய்வார்கள். அதனால் வந்த கடுப்பாக இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது அப்படி விட முடியவில்லை. வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"அண்ணே, கம்பிய எங்க வைக்கணும், சீக்கிரம் சொல்லுங்க. நான் கீழ வரணும்."

"என்ன பருந்து, அதுக்குள்ள பசியா?" என்றார் கீழே நின்று சுமைக்கு வழி சொல்லும் சிக்னல்காரர்.

"வயிறு வலிக்குது."

"சோடா சொல்லட்டுமா?" இன்னும் நாலு பேர் சிரித்தது காதில் விழுந்தது. அந்த அலைவரிசை எல்லோருக்கும் பொது.

"அண்ணே, ஆம்புலன்ஸ் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது.

சுமையைத் தொங்கவிட்டு இறங்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆறாவது தளத்தில் கம்பியை வைத்தாள். கிரேனின் நீண்ட கை காற்றோடு தானாகத் திரும்பும்படி பிரேக்கை விடுவித்தாள். பிறகுதான் ஏணி. இரண்டாவது மேடையில் வாந்தி எடுத்தாள். சிக்னல்காரர் பாதி உயரம் ஏறி வந்து, அவளுக்குக் கீழேயே ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"மெதுவா வா. அவசரமில்ல."

"அவசரந்தாண்ணே."

தரைக்கு வரும்போது பத்து ஐந்து. அப்போதிருந்தே அவள் நிமிடங்களை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிந்ததும் பெண்கள் மருத்துவர் வேகநடையாக வந்தார். "முறுக்கிக்கிட்டிருக்கு. உடனே தியேட்டர்." தையல் கடையிலிருந்து கழுத்தில் டேப்போடு ஓடிவந்த அம்மா மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துடுங்கம்மா. இவ உசிரோட இருந்தா போதும்."

"அம்மா, நீ சும்மா இரு. போன தடவ நீ கையெழுத்துப் போட்ட. இந்தத் தடவ நான்." மருத்துவரிடம் திரும்பினாள். "கறுத்துப் போயிருந்தா எடுத்துடுவீங்களா?"

"முன்னெல்லாம் பார்த்ததும் எடுத்துடுவாங்க. கறுத்திருந்தாலும் நிறைய பேருக்குப் பிழைச்சுக்குதுன்னு இப்பத் தெரியும். முறுக்கைப் பிரிச்சு, உள்ளேயே விட்டுட்டு வர்றேன். பிழைச்சுதா இல்லையான்னு ஆறு வாரம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்."

"பிழைக்கலேன்னா?"

"இந்த வயசுலயே மாதவிலக்கு நின்னுடும். எலும்பு பலம் குறையாம இருக்க வருஷக்கணக்கா மாத்திரை. சொந்தக் கருமுட்டையில குழந்தை கிடையாது."

"கல்யாணம் பேசும்போது கேப்பாங்களேன்னு பயப்படறியாடி?" அம்மா காதோரம் கிசுகிசுத்தாள்.

"இல்லம்மா. எனக்குக் குழந்தை வேணுமா வேண்டாமான்னே நான் யோசிச்சதில்ல. ஆற அமர யோசிக்கிறதுக்காவது அது இருக்கட்டும்."

"நீ என்னிக்குடி எதையாவது ஆற அமர யோசிச்சிருக்க?" அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

மயக்க மருந்து மருத்துவர் கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டார். "நேத்து ராத்திரி எட்டு மணிக்கு. ஏணி ஏறுற அன்னிக்குக் காலையில சாப்பிட மாட்டேன்."

"அதுக்கு நாளைக்குத் திட்டறேன். இன்னிக்கு அதுதான் வசதி. வா."

கண் விழித்தபோது மருத்துவர் மூடி மறைக்காமல் சொன்னார். மூன்று சுற்று. நாவற்பழ நிறம். பிரித்துவிட்டுக் காத்திருந்ததில் ஓரத்தில் மட்டும் லேசாகச் சிவந்தது. மற்றபடி ஒன்றும் சொல்வதற்கில்லை. பிழைத்திருந்தால், கருமுட்டைகளைச் சேகரித்து உறைய வைத்துவிட்டு, மறுபடி முறுக்கிக்கொள்ளாதபடி சினைப்பையைத் தைத்து நிறுத்தலாம். பிழைக்காவிட்டால் உறைய வைக்க எதுவும் இருக்காது.

ஆறு வாரம் ஏணி ஏறக் கூடாது. வீட்டின் இரண்டு அறைகளையும் அவள் நடந்தே தேய்த்தாள். அம்மாவின் பொத்தான் டப்பாவைக் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்தாள். பிறகு அளவு வாரியாக. மூன்றாம் நாள் அம்மா டப்பாவைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தாள். அவள் சிக்னல்காரருக்குப் போன் செய்தாள்.

"கிரேனை யார் ஓட்டுறா?"

"ஒரு பெரியவரு. ரொம்ப நிதானம். கீழ நிக்கிற எங்களுக்குத் தூக்கம் வருது. நீ எப்ப வர்ற?"

"தெரியலண்ணே."

மாதவிலக்கு வரவேண்டிய நாள் வந்தது, போனது. ஒரு வாரம் தள்ளியது. பத்து நாள் தள்ளியது. துணி துவைக்கும்போது அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள். அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

ஆறாவது வாரம் ஸ்கேன் அறை. ஸ்கேன் எடுக்கும் பெண் இரண்டு முறை அதட்டினாள்: "காலை ஆட்டாம படும்மா, படம் ஓடிப்போகுது." திரையில் சாம்பல் நிறம் மட்டும்தான். பொத்தானை அழுத்தினாள், அப்போதும் சாம்பல். கருவியைக் கொஞ்சம் சாய்த்தாள். ஓரிடத்தில் சிவப்பு ஒரு புள்ளியாக வந்து மறைந்தது. மறுபடி வந்தது. பக்கத்தில் நீலம்.

"என்ன அது?"

"ரத்த ஓட்டம். உள்ள வருது, வெளிய போகுது." ஸ்கேன் பெண் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்களை அளக்கத் தொடங்கினாள். "இதெல்லாம் முட்டைப் பைகள். நாலு... இங்க ஒண்ணு, அஞ்சு. நிறைய இல்ல. ஆனா இருக்கு. எடுத்து உறைய வைக்கணும்னா டாக்டர்கிட்ட இன்னிக்கே பேசிடுங்க, தள்ளிப் போடாதீங்க. சரி, எழுந்திருக்கலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"எங்கம்மாவக் கூப்பிடட்டுமா?"

"வெளியில பதினாலு பேர் உக்காந்திருக்காங்கம்மா."

"ஒரே நிமிஷம்."

டேப்போடு உள்ளே வந்த அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

"எங்கடி?"

"இங்கம்மா," என்று படுத்தபடியே கையை நீட்டிக் காட்டினாள்.