இரண்டா, ஐந்தா?

ஒரு மாதமாக எங்கள் வீட்டு பிரிட்ஜில் தயிர் கல்லாக உறைகிறது. ஞாயிறு பூசைக்குத் தலையில் வைத்துக்கொண்டு போக வாங்கிய மல்லிகைச் சரமும் போன வாரம் விறைத்துவிட்டது.

"கறி கெட்டுப்போகும்னு நீங்கதான் அஞ்சுல வைக்கிறீக" என்பேன் கணவரிடம்.

"நான் வச்ச மறுநிமிஷம் நீ ரெண்டுக்குத் திருப்பிடுறியே" என்பார்.

இரண்டும் உண்மை. ஒருவர் பார்க்காதபோது மற்றவர் போய்க் குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருப்புவோம்.

இன்று காலை மெக்கானிக் வந்தார். குமிழைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார். மோட்டார் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பூஜ்யத்துல வச்சா மோட்டார் நிக்கணும்க்கா. நிக்கலை. தெர்மோஸ்டாட் போயிருச்சு. நீங்க எதுல வச்சாலும் ஒண்ணுதான். எத்தனை நாளா இதைத் திருப்பிக்கிட்டு இருக்கீக?"

நாங்கள் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டினார். மறுபடி ஓடவிட்டுக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்ப, 'டிக்'கென்று மோட்டார் நின்றது. சமையலறை இவ்வளவு அமைதியாக இருந்து நாளாகிவிட்டது.

"சொல்லுங்க, எதுல வைக்கட்டும்?"

"ரெண்டு" என்றேன். "அஞ்சு" என்றார் அவர். ஒரே நேரத்தில்.

மெக்கானிக் நிமிர்ந்தே பார்க்காமல் மூன்றில் வைத்துவிட்டுக் கல்லல் போகும் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

ஒரு மாதம் ஒன்றுக்கும் உதவாத குமிழுக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். இப்போது அது நிஜமாகவே வேலை செய்கிறது.

மெக்கானிக் போய் அரைமணி நேரம்தான் ஆகிறது. அதற்குள் எங்கள் இருவருக்கும் மாறி மாறிப் பிரிட்ஜ் தண்ணீருக்குத் தாகம் எடுக்கிறது.

உங்கள் வீட்டில் எந்த எண்?