முகமாலையில் ஒரு குதிரையணி

உதயகலா பழைய போர்முனையான முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறாள். அடுத்த பெண் இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். விதி எழுதியவனுக்கென்ன, பகல் முழுதும் வாய்மூடிக் குந்தியிருப்பவள் இவளல்லவா?

அன்று உலோகம் கண்டறியும் கருவி கத்தியது. வெடி என்றே நினைத்து, இரண்டு மணிநேரம் தூரிகையால் மண்ணை விலக்கினாள். தாமரை பொறித்த சிறு வெண்கலத் தகடு தெரிந்தது.

தொல்லியல் அதிகாரி வந்து பார்த்தார். "குதிரையின்ரை கடிவாள வாரிலை பூட்டினது. எழுநூறு வருசமிருக்கும். தோல் வார் உக்கிப்போச்சு, உலோகத்துக்கு ஒண்டும் ஆகேல்லை."

அவளுடைய கணவன் பதினேழு வருடங்களுக்கு முன் இதே போர்முனையில்தான் காணாமற்போனான்.

"அப்ப சேர், என்ரை மனுசன் கையிலை கட்டியிருந்த மணிக்கூட்டுக்கும் ஒண்டும் ஆகியிராது, என்ன?"