முன்பாய்க்காரர்

கல்முனைக்குடியில் யாராவது அஸ்ஹரிடம், "கட்டார்ல என்ன வேல செஞ்ச நீங்க?" என்று கேட்டால், "பாரமா இருந்த" என்பார். அது பொய்யில்லை. அந்த அரபு நாட்டுப் பாய்ப்படகுக் கழகம் ஒன்றில் படகு கழுவுவதும் கயிறு கட்டுவதும்தான் அவருடைய வேலை. அங்கே போட்டிக்கு ஓடுகிற படகுகள் இரண்டு பேர் ஏறுகிறவை. பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரிய பாயையும் பிடிப்பார். முன்னால் இருப்பவர் சின்ன முன்பாயை இழுப்பார். படகு ஒரு பக்கம் சரிந்தால் மற்றப் பக்க விளிம்பில் ஏறித் தொங்கி அதை நிமிர்த்துவார். எந்த வெள்ளைக்காரருக்காவது கூட்டாளி வராத நாளில் "அஸ்ஹர், கம்!" என்று கூப்பிடுவார்கள். அவரளவு உடம்பு வைத்த வேலையாள் அங்கே வேறு யாருமில்லை. இப்படிப் பதினேழு வருடம் முன்னால் இருந்தார். சுக்கானை ஒருநாளும் தொட்டதில்லை.

வேலையை விட்டு வரும்போது கழகத்தார் பழைய படகொன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் டீவியும் கம்பளியும் அனுப்புகிற கொள்கலனில் அஸ்ஹரின் பெயருக்கு ஒரு படகு வந்தது. லொறியிலிருந்து இறக்கியவர்கள் விசாரித்தார்கள். மீன் பிடிக்கலாமா? ஏலாது. இஞ்சின் பூட்டலாமா? அதுவும் ஏலாது. அப்படியானால் எதற்கு?

"போயிட்டுத் திரும்பி வாறதுக்கு" என்றார் அஸ்ஹர். சொன்ன பிறகு, புத்தியுள்ளவன் சொல்கிற காரணமாக அது அவருக்கே படவில்லை.

வீடும் வளவும் மனைவி நதீராவின் சீதனம். மாப்பிள்ளையாக வந்த அன்று அஸ்ஹரின் கையில் இருந்தது ஒரு பெட்டி, அதுவும் கூடப்பிறந்த காக்காவுடையது. இது என்னுடையது என்று கைவைத்துச் சொல்ல அந்த வளவில் அவருக்கு இருந்த ஒரே பொருள் இந்தப் படகுதான். அதற்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

மகள் அஸ்னாவுக்குக் கலியாணம் நிச்சயமானதும் பந்தல் போட இடம் தேடினார்கள். படகு குறுக்கே கிடந்தது. நதீராவின் தம்பி றாஸிக் மீன் வியாபாரி, சொந்தமாக இஞ்சின் போட் வைத்திருப்பவர். அவர் ஒரு வழி சொன்னார்.

"மச்சான், பாய்மரத்தக் கழட்டிட்டு எனக்குத் தாங்க. ஐஸ் போட்டு மீன் வைக்க நல்ல தொட்டி."

"தொட்டியா? இது ரேஸ் ஓடின போட்டு, றாஸிக்!"

"அப்ப ஓட்டிக் காட்டுங்களன். வந்து ரெண்டு வருசமாகுது, இது இன்னும் தண்ணியக் காணல்ல."

நதீரா இடையில் புகுந்து தீர்ப்புச் சொன்னார். "வாற வெள்ளிக்கிழம ஓட்டுங்க. ஆரும் கட்டி இழுக்காம நீங்களாத் திரும்பி வந்தா இது கிடக்கட்டும். இல்லாட்டி தம்பி கொண்டு போகட்டும்."

"ஓம்" என்றார் அஸ்ஹர். கட்டளைக்கு ஓம் சொல்வதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

கூட ஏறுவதற்கு ஆள் தேடினார். சம்மாந்துறைக் கூட்டாளி ஒருவர் மட்டும் வருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது.

எனவே படகைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து அஸ்ஹர் தனியே ஏறினார். கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிப் பாயை விரித்ததும் படகு தானாகவே போயிற்று. வலை இழுக்க நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். அஸ்ஹர் திரும்பிப் பெரிய மனிதரைப் போலக் கையசைத்தார். அன்றைக்கு அவருடைய பெருமை அந்த இடத்தோடு முடிந்தது. பின்னால் றாஸிக் தன் போட்டில் கயிற்றுச் சுருளோடு வந்துகொண்டிருந்தார்.

திரும்ப வேண்டிய தூரம் வந்தது. எதிர்க்காற்றில் கரைக்கு வருவதென்றால் வளைந்து வளைந்துதான் வர வேண்டும். அஸ்ஹர் சுக்கானைப் பிடித்தபடி காத்திருந்தார். பள்ளிவாசல் மினாரா சிறுத்துக்கொண்டே போனது. எதற்குக் காத்திருக்கிறோம் என்று அவருக்கே கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது: திருப்புமுன் பின்னாலிருப்பவர் "ரெடி?" என்று கேட்க வேண்டும். கேட்க ஆளில்லை.

சரி, நாமே திருப்புவோம் என்று சுக்கானைத் தள்ளினார். படகு திரும்பத் தொடங்கியதும் பதினேழு வருடப் பழக்கம் அவரை முன்னுக்கு இழுத்தது. சுக்கானை விட்டுவிட்டு முன்பாய்க் கயிற்றுக்குப் பாய்ந்தார். பின்னால் யாரும் இல்லாத படகு என்ன செய்யும்? கவிழ்ந்தது.

றாஸிக் பக்கத்தில் வந்து இஞ்சினைக் குறைத்தார். "மச்சான், தொட்டிக்குள்ள எவ்வளவு தண்ணி பிடிக்குமெண்டு பாக்கிறீங்களோ? கயிறு போடவா?"

"வேணாம்!" என்று கத்தும்போது அஸ்ஹரின் வாய்க்குள் கடல் புகுந்தது. உண்மையாகவே பயந்துபோனார். மூழ்கிப் போவோம் என்ற பயமில்லை. படகு போய்விடுமே என்ற பயம். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த நடுப்பலகையில் ஏறி நின்று முழுப் பாரத்தையும் கொடுத்தார். பாரமாக இருப்பது தெரிந்த தொழில்தானே. படகு மெல்ல எழுந்து நிமிர்ந்தது.

உள்ளே ஏறி, மூச்சு வாங்கி, சுக்கானைப் பிடித்தார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்.

"ரெடி?"

"யெஸ் ஸேர்!" என்று அவரே பதிலும் சொன்னார்.

"புல்! புல், ஸ்டுபிட்! ஆர் யூ ஸ்லீப்பிங்?"

"ஸொறி ஸேர்!"

சுக்கான் ஒரு கையில் இருக்க, மற்றக் கை சொன்னபடி முன்பாயை இழுத்தது. படகு அழகாகத் திரும்பியது. ஒவ்வொரு வளைவிலும் தனக்குத்தானே ஏசி, தனக்குத்தானே மன்னிப்புக் கேட்டு, புறப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே கரை தட்டினார். யாரும் கட்டி இழுக்கவில்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பாட்டுக்கு வந்த றாஸிக், தான் கடலில் பார்த்ததை வீட்டாருக்கு நடித்துக் காட்டினார். "புல், ஸ்டுபிட்!" என்று உறுமி, உடனே கையைக் கட்டிக்கொண்டு "ஸொறி ஸேர்" என்றார். அஸ்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அஸ்ஹரும் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்பிடியில்ல றாஸிக்" என்று திருத்தமும் சொன்னார். "ஸ்டுபிட்ட இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லணும்."

நதீரா சிரிக்கவில்லை. சோற்றுக் கரண்டி கையில் அப்படியே நின்றது.

"அப்பிடியா அங்க உங்களுக்கு ஏசின?"

"ஏச்சில்ல புள்ள. கடல்ல காத்துச் சத்தம். கத்தினாத்தான் கேட்கும்."

"மடையன் எண்டதும் காத்துக்குத்தானா?"

அஸ்ஹர் சோற்றைப் பிசைந்தார். பதினேழு வருடமும் போனில், "சும்மா கடல்ல சுத்துற வேலதான்" என்று நதீராவுக்குச் சொல்லி வந்தவர். சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் இருந்தார்.

"தம்பி, பந்தல ரோட்டுப் பக்கமாப் போடச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு நதீரா உள்ளே போனார்.

பின்னேரம் அஸ்ஹர் வளவுக்குத் திரும்பிய படகின் உப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது நதீரா வந்து நின்றார்.

"ரெண்டு பேர் ஏறி, ஏசாம இத ஓட்ட ஏலாதா?"

அஸ்ஹர் யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னார். "தெரியா நதீரா. நான் கண்டதில்ல."

நதீரா கோழியைத் துரத்திவிட்டுப் படகுக்குள் காலை வைத்தார். முன்னுக்குப் போய் இருந்துகொண்டார்.

"எனக்கு ஒண்டும் தெரியா. சொல்லித் தாங்க. மெதுவாச் சொல்லணும்."

அஸ்ஹர் பின்னால் போய் இருந்து சுக்கானைப் பிடித்தார். படகு மணலில்தான் கிடந்தது.

"அந்தக் கயிறக் கொஞ்சம் இழு புள்ள" என்றார். அவருக்கே கேட்காத அளவு மெல்லிய சத்தம். நதீராவுக்குக் கேட்டது, இழுத்தார்.