கள்ளனை எங்களுக்கு முதலே தெரியும்

இன்று முருங்கன் ஊர்க் கராஜில் கார் பற்றரி அசிட்டின் மணம் மூக்கில் ஏறியதும், கரண்ட் இல்லாத வங்காலையில் பற்றரி பூட்டி சின்ன வயதில் நாங்கள் பிள்ளைகள் நெருக்கியடித்து ரிவி பார்த்த, இப்போது இடிந்துபோன பிலோமினா மாமி வீட்டு விறாந்தைக்கே போய்விட்டேன். ஞாயிறு மாலைத் தொடரின் துப்பறிவாளர் ஆள் தெரியாமல் கள்ளனிடமே நெருப்புப்பெட்டி கேட்பார், "அவன்தான் கள்ளன், பிடியுங்கோ!" என்று கத்துவோம், அது அவருக்குக் கேட்காததுதான் எங்களுக்குப் பெரிய சந்தோசம்.

கடைசிப் பகுதியில் அவர் கள்ளனின் தோளில் கை வைக்கப்போன நேரம் பற்றரி இறங்கித் திரை இருண்டது. நாங்கள் அழத் தொடங்கினோம். ஒருநாளும் சத்தமாகப் பேசாத மாமி எழுந்து, துப்பறிவாளரைப்போல மாமாவின் தொப்பியைப் போட்டு, கதிரைக் காலில் தடுக்கி விழுந்து, மாமாவின் கையை எட்டிப் பிடித்து, "கள்ளன் பிடிபட்டிட்டான்!" என்று கூவினார்.

மாமா சிரிப்பை அடக்கமுடியாமல், "ஓம், நான்தான் எடுத்தனான்" என்று ஒப்புக்கொண்டார்.

தொடரின் உண்மையான முடிவை இன்றுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை.