பாசி பிடிக்காத தொட்டி

ஸ்ரெப்ரேனாவில் யார் செத்தாலும், வீட்டுக்காரர்களுக்கு அடுத்தபடியாக மின்காவுக்குத்தான் தெரியும். கருப்புக் கரை போட்ட அஞ்சலித் தாளை அச்சடித்துக்கொண்டு நேராகப் படிப்பகத்துக்கு வருவார்கள். அங்கே அறிவிப்புப் பலகையில் அதற்கு இடம் பிடித்து ஒட்டுவது அவள் வேலை. செத்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம், அப்புறம் வருஷா வருஷம் என்று பல்கேரியர்களாகிய நாங்கள் செத்தவர்களை லேசில் விடமாட்டோம். கதவிலும் மரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் அவர்கள் போட்டோவில் சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

மின்கா படிப்பகத்தைப் பெருக்குகிறவள். நூலகர் ஓய்வு பெற்றபோது நகராட்சி வேறு ஆள் போடவில்லை. சாவியை இவளிடம் கொடுத்துவிட்டு மறந்துவிட்டது. நாலாயிரம் புத்தகமும் ஒரு துடைப்பமும் ஒருத்தி பொறுப்பில் வந்தது இப்படித்தான்.

அவள் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆனால் அலமாரியைத் துடைக்கையில் ஒரு புத்தகத்தைப் பிரித்துவிட்டாளானால் தோளில் கிடக்கும் ஈரத்துணி அங்கேயே காய்ந்துவிடும். வேகமாகவும் படிக்கமாட்டாள். ஒரு பக்கம் படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஊரே கண்ணால் படிக்கும்போது இவள் மட்டும் மாடு மாதிரி அசைபோட்டுப் படிக்கிறாள் என்று அவள் கணவன் வெலிச்கோ கேலி செய்வான். மின்கா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

பலகையில் இடம் போதாதபோது பழைய தாள்களை வெந்நீர் தெளித்துக் கத்தியால் சுரண்டி எடுப்பாள். அவற்றை அடுப்பில் போட மனசு வராது. சிரிக்கிற முகத்தை எப்படி எரிப்பது? மக்ரோனி வந்த அட்டைப் பெட்டிகளில் போட்டு வைத்தாள். பதினொரு வருஷத்தில் மூன்று பெட்டி நிறைந்தது.

அந்தப் பெட்டிகளில் முதலில் விழுந்த முகம் அவள் மகன் ரூமெனுடையது. பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்தவன், நண்பனின் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போனான். பத்தொன்பது வயது. அதற்கப்புறம் வெலிச்கோ சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. ஏற்கெனவே அவனுக்கு வேலை இல்லை. ஈயச் சுரங்கத்தில் இருபது வருஷம் பம்பு ஓட்டியவன், சுரங்கத்தை மூடியபோது வீட்டுக்கு வந்துவிட்டான்.

மறு வசந்தத்தில் ஒரு அதிசயம் நடந்தது. கீழத்தெருவில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால், மலை அடிவாரத்தில், இத்தனை காலம் வறண்டு கிடந்த பாறையிலிருந்து தண்ணீர் பீறிட்டது. பையனுக்காக மலையே அழுகிறது என்றான் வெலிச்கோ. ஊரும் அப்படியே நம்பியது. அன்றைக்குத்தான் அவன் படுக்கையை விட்டு எழுந்தான். செத்தவர் பேரில் நீரூற்று கட்டி வைப்பது எங்கள் ஊர்களில் பெரிய புண்ணியம். அவன் தன் கையாலேயே கட்டினான். கல் சுவர், ஒரு குழாய், நீண்ட தொட்டி. சுவரில் செதுக்கினான்: 'குடியுங்கள், எங்கள் ரூமெனை நினையுங்கள்.'

தண்ணீர் என்றால் தண்ணீர், பல் கூசும் குளிர்ச்சி. வேனிலில் நகராட்சிக் குழாய் கைவிரித்துவிடும் கீழத்தெருவுக்கு அது வரமாக வந்தது. பெரிய கண்ணாடிக் குடுவையில் பிடித்து ஒரு மாதம் வைத்தாலும் பச்சை தட்டாது என்று பெருமையாகச் சொல்வார்கள். மற்ற ஊற்றுத் தொட்டிகளில் எல்லாம் பாசி வழுக்கும். ரூமென் தொட்டியில் ஒரு இழை பாசி கிடையாது. ஊரையெல்லாம் தேய்த்துக் கழுவும் மின்காவுக்கு அதை மட்டும் தேய்க்க வேண்டியிருந்ததில்லை. பிள்ளை என்னைப்போலச் சுத்தக்காரன் என்று நினைத்துக்கொள்வாள். வெலிச்கோ தினமும் விடிந்ததும் அங்கே போய் ஒரு குவளை குடித்துவிட்டு, பையனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் காப்பிக்கு வருவான்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம், பெட்டிகளைச் சரிசெய்யலாம் என்று மின்கா எல்லாத் தாளையும் வாசிப்பு மேசையில் கொட்டினாள். ஆளுக்கு ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கழிக்கலாம் என்பது யோசனை. அவளுக்கு ஆட்களைத் தெரு வைத்துத்தான் தெரியும். அதனால் மேலத்தெரு ஒரு குவியல், கீழத்தெரு ஒரு குவியல் என்று பிரித்தாள். பிரித்து முடித்துப் பார்த்தவளுக்குக் கை ஓடவில்லை. மேலத்தெருக் குவியல் ஏறக்குறைய முழுக்க நரைத்த தலை. கீழத்தெருக் குவியலில் கருத்த மீசையும் சுருண்ட கூந்தலும். ஐம்பத்திரண்டு, நாற்பத்தெட்டு, ஐம்பத்தைந்து. ரூமெனைக் கழித்தே, ஐம்பத்தெட்டைத் தாண்டாதவர்கள் முப்பது பேர்.

சுரங்கத் தூசி தின்றுவிட்டது என்று ஊர் சொல்லும். ஆனால் முப்பதில் பதினாலு பேர் பெண்கள். தையல்காரியும் பள்ளிக்கூட டீச்சரும் எந்தச் சுரங்கத்துக்குள் போனார்கள்?

அன்றிலிருந்து அவளுக்கு அசைபோடுவதே வேலையாகிப்போனது. முதலில் பக்கத்து வீட்டுப் பெய்ச்சோ கிழவர் காய்ச்சும் பிளம் சாராயத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. மூன்று வாரம் வெலிச்கோவை ஒரு சொட்டு தொடவிடவில்லை. அவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான். பிறகுதான், டீச்சர் ஜென்மத்தில் சாராயம் தொட்டதில்லையே என்று உறைத்தது. அடுத்து கூரைத் தகடுகளைச் சந்தேகப்பட்டாள். அதுவும் நிற்கவில்லை.

இரண்டு பேர்தான் அவளை விடாமல் படுத்தினார்கள். பேருந்து ஓட்டிய கான்ச்சோ மேலத்தெருக்காரன், ஆனால் ஐம்பது வயதில் போய்விட்டான். அவனைச் சேர்த்தால் முப்பத்தொன்று. பெய்ச்சோ கிழவரோ கீழத்தெரு. தொண்ணூற்றொரு வயதில் குத்துக்கல்லாய் உட்கார்ந்து ஊரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது விஷயம் பிடிபட்டது. கான்ச்சோ ஒவ்வொரு நடையிலும் வண்டியை நிறுத்தி ரூமென் ஊற்றில் பாட்டிலை நிரப்பிக்கொள்வான். பெய்ச்சோவோ, ஊற்றுச் சுவர் தன் நிலத்தில் ஒரு சாண் ஏறிவிட்டது என்று வெலிச்கோவோடு சண்டை போட்டவர். அந்தத் தண்ணீர் என் நாக்கில் படாது என்று சபதம் போட்டு, பத்து வருஷமாகக் கழுதை வண்டியில் மேலத்தெருவிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறார்.

மின்கா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இதை யோசிக்காமலே இருந்திருக்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

பின்வரிசை அலமாரியில் சுரங்க மருத்துவர்களுக்கான பழைய கையேடு ஒன்று இருந்தது. தாது மலைகளிலிருந்து கசியும் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்திருக்கலாம், வாசனை இராது, ருசி இராது, ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் உள்ளங்கையில் தினை அளவில் கடினமான பருக்கள் எழும், மற்ற வியாதியும் சாவும் அதற்குப் பிறகு என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை அவள் நாலு தடவை படித்தாள்.

அன்று சாப்பாட்டின்போது, பம்பை நிறுத்தியபிறகு சுரங்கத்துத் தண்ணீர் எங்கே போனது என்று வெலிச்கோவிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் அவனுக்குச் சந்தோஷம்.

"எங்க போகும்? உள்ளயே ஏறும். மலை முழுக்க ரொம்புனதும் எந்த ஓட்டை வழியாவது வெளிய வந்துதானே ஆகணும்?" என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிட்டு அவரைச் சாற்றில் தோய்த்தான்.

தன் வாயாலேயே சொல்லிவிட்டு அவன் அதைக் கேட்கவில்லை. மின்கா அவன் ரொட்டி பிடித்த கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் தினைத் தினையாக இருந்தது. கல் வேலை செய்த காய்ப்பு என்று இத்தனை நாள் இருவரும் நினைத்திருந்தார்கள்.

அன்றே சொன்னாள். மறுநாளும் சொன்னாள். அவன் எழுந்து போனான். மூன்றாம் முறை சொன்னபோது, "அது என் பையன் தண்ணி. இன்னொரு தடவை வாயத் தொறக்காத" என்றான். மறுநாள் காலையில் போய் வீம்புக்கு இரண்டு குவளை குடித்தான். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த மனுஷன் தாளையும் ஒருநாள் நான்தான் ஒட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த நேரம் பார்த்து ஊர்த் தலைவர் சாபெவுக்கு ஒரு யோசனை உதித்தது. ரூமென் ஊற்றிலிருந்து மழலையர் பள்ளிக்குக் குழாய் போடுவது. படிப்பக மண்டபத்தில் ஞாயிறு பகல் கூட்டம், கைதூக்கி ஒப்புதல், ஊற்றைக் கட்டியவருக்கு மரியாதை. வெலிச்கோ கல்யாணக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டான்.

மண்டபத்தை மின்காதான் தயார்செய்தாள். சுவரில் அந்தத் தண்ணீரின் பரிசோதனைச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. 'கிருமிகள் இல்லை, குடிக்கத் தகுந்தது' என்று கொட்டை எழுத்தில். ஆறு வருஷமாக அதைத் துடைத்து வந்தவள், அன்று சட்டத்தைக் கழற்றினாள். பின்னால் மடித்துச் செருகிய இரண்டாம் பக்கம் இருந்தது. உலோகங்கள் என்ற பட்டியலில் வரிக்கு வரி ஒரே பதில்: பரிசோதிக்கப்படவில்லை. கிருமிகூடப் பிழைக்காத தண்ணீரை நல்ல தண்ணீர் என்று ஊரே கொண்டாடியிருக்கிறது.

மண்டபம் நிறைந்தது. சாபெவ் பேசி முடித்து, கை தூக்கச் சொல்லும் நேரத்தில் மின்கா மக்ரோனிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினாள்.

"மின்காக்கா, பெருக்குறத அப்புறம் வச்சுக்கலாமே" என்றார் சாபெவ். எல்லோரும் சிரித்தார்கள்.

"பெருக்க வரல. படிக்க வந்தேன்."

ஒவ்வொரு தாளாக எடுத்துப் பேரையும் வயதையும் படித்தாள். முதலில் குரல் தனக்கே கேட்கவில்லை. ஏழெட்டுப் பேர் ஆவதற்குள் சிரிப்பு நின்றது. தன் தங்கை பேர் வந்தபோது ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். முப்பத்தொன்றும் படித்து முடித்தபோது அவள் குரல் கடைசி வரிசைவரை கேட்டது. பிறகு மலை எப்படி நிரம்பியது, கையேட்டில் என்ன இருக்கிறது, இரண்டாம் பக்கத்தில் என்ன இல்லை என்று, வீட்டில் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். உங்கள் கைகளைத் திருப்பிப் பாருங்கள் என்றாள். திருப்பினார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், பெற்ற பிள்ளை பேரில் உள்ள தண்ணீரையே விஷம் என்கிறாளே, இவள் எல்லாம் ஒரு தாயா என்று கேட்டான். மின்கா அவனை நேராகப் பார்த்தாள்.

"அவன் பேர் அதுல இருக்கு. அதனாலதான் பேசுறேன். அவனை நெனச்சுக்கிட்டு இன்னொரு புள்ள சாகக் கூடாது. நான் எட்டாங்கிளாஸ். தப்பாவும் இருக்கலாம். தண்ணிய அனுப்பி உலோகம் பாருங்க. தப்புன்னு வந்தா, ஊர் முன்னாடி அதே தண்ணிய குடிச்சு மன்னிப்புக் கேக்கறேன். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துக்குக் குழாய் போட விடமாட்டேன்."

பெய்ச்சோ கிழவர் தடியைத் தட்டினார். "வெலிச்கோ மேல இருந்த வயித்தெரிச்சல்தான் என்னை இம்புட்டு நாள் காப்பாத்தியிருக்கு போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

முன்வரிசையில் வெலிச்கோ எழுந்தான். மேடைக்குத்தான் போகிறான், அடித்துவிடுவான் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவன் திரும்பி, நடுவழியே நடந்து வெளியே போய்விட்டான்.

தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புவதென்று முடிவானது. மின்கா நாற்காலிகளை அடுக்கி, மண்டபத்தைப் பூட்டி, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வீட்டில் இனி இடம் உண்டா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊற்றடியில் வெலிச்கோ உட்கார்ந்திருந்தான். கல்யாணக் கோட்டு சேறாகிக் கிடந்தது. பக்கத்தில் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த பெரிய பம்பு ஸ்பானர். குழாய் சொட்டவில்லை. தண்ணீரை ஓடைப் பக்கம் திருப்பிவிட்டு வாய்க்கு முளை அடித்திருந்தான்.

"முப்பத்தொண்ணு. நான் கட்டுனது" என்றான். உள்ளங்கையை விரித்து வைத்திருந்தான்.

"நாம கட்டுனது. கல்லு எடுத்துக் குடுத்தவ நான்."

அவன் கையை மூடிக்கொண்டான். பிறகு, பாதிப் பேர்தான் அங்கே தன் காதில் விழுந்தது, இன்னொரு தடவை வாசி என்றான். மின்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து முதலிலிருந்து வாசித்தாள்.

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. இருக்கக்கூடிய அளவைப்போலப் பதினாலு மடங்கு ஆர்சனிக். குழாய்த் திட்டம் நின்றது. குழந்தைகளைக் காப்பாற்றியது தான்தான் என்று சாபெவ் அடுத்த தேர்தலில் சொல்லிக்கொண்டார், சொல்லட்டும். கீழத்தெருவுக்கு மேலத்தெருக் குளத்திலிருந்து தண்ணீர் வந்தது. வெலிச்கோவும் இன்னும் நாற்பது பேரும் மாதம் ஒருமுறை பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார்கள். கை இன்னும் சரியாகவில்லை. ஆள் இருக்கிறான், அவளுக்கு அது போதும்.

ஊற்றை இடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. வெலிச்கோ உளியை எடுத்துப்போய், சுவரிலிருந்து முதல் சொல்லை மட்டும் சிராய்த்து எடுத்தான். இப்போது அங்கே இருப்பது மகனை நினைக்கச் சொல்லும் வரி மட்டும். தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். இந்த வசந்தத்தில் அதன் ஓரத்தில் பச்சையாகப் பாசி பிடித்தது. மின்கா பழக்கத்தில் பிரஷை எடுத்துக்கொண்டு குனிந்தாள். விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள், வழுக்கியது. பிரஷைக் கீழே வைத்துவிட்டு வெலிச்கோவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.