மின்கம்பத்துச் சிவப்புக் கோடு

புது வீட்டின் தரை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவள் நான். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிய மனை. வாய்க்கால் உடைத்துக்கொண்டால் பழைய வீட்டில் நெல் மூட்டையும் அடுப்பும் சேர்ந்தே ஊறும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிவில் டிப்ளமோவும் முடித்தவள். வெள்ளம் ஏறும் இடத்தில் தரை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு என்று வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய வீட்டை இடிக்கும் முன், கடைசி வெள்ளம் சுவரில் விட்டுப்போன சேற்றுக் கறைக்கு ஒரு முழம் மேலே அளந்தேன். தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயால் மட்டம் பிடித்து, அதே உயரத்தில் மின்கம்பத்தில் சிவப்புக் கோடு போட்டேன். அது என் தோளுக்குச் சரியாக வந்தது.

தஞ்சாவூரில் வேலை முடித்து ஒரு மாலை வந்தபோது, மேஸ்திரி பேஸ்மட்டத்தின் மேல்மட்டத்துக்கு நூல் கட்டியிருந்தார். கோடும் நூலும் ஒத்துப்போயின. ஆனால் கோடு என் இடுப்புக்குக் கீழே இருந்தது. அதற்கு மேலே, தோள் உயரத்தில், சிமெண்ட் பால் தற்செயலாகத் தெறித்ததுபோல் ஒரு பூச்சு. தெறித்த சிமெண்ட் அவ்வளவு நேராக விழாது.

முதல் சந்தேகம் மேஸ்திரி மேல். உயரம் குறைந்தால் செங்கல் மிச்சம். லீவு போட்டுவிட்டு மனையிலேயே நின்றேன்.

“என்ன தங்கச்சி, ஒவ்வொரு செங்கல்லுக்கும் பேர் வச்சிருக்கீங்களா?” என்றார். சித்தாள்கள் சிரித்தார்கள்.

அடுத்த சந்தேகம் பக்கத்து வீட்டுப் பெரியப்பா மேல். நாங்கள் மண் கொட்டி உயர்த்தினால் தண்ணீர் அவர் பக்கம் திரும்பும் என்று நினைத்திருக்கலாம். அவர் கம்பத்தடியில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

கடைசியில் மேஸ்திரியிடம் நேராகவே கேட்டேன். கரண்டியைக் கழுவிக்கொண்டே, “கூலி குடுக்கிறவரக் கேளுங்க” என்றார்.

அப்பா குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அண்ணன் வாசல விட என் வாசல் ஒசந்து நிக்கலாமாம்மா? ஊர்ல யாராவது அப்படிக் கட்டியிருக்காங்களா?”

“தண்ணி அண்ணன் தம்பி பாத்தா வருது?”

நான் நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அப்பா பின்னாலேயே வந்து, வாசலுக்கு வெளியே தலைகுனிந்து நின்றார். அப்பா கோட்டைக் கீழே இறக்கியதும், அதற்கு அவர் சொன்ன காரணமும் நான் சொல்லித்தான் பெரியப்பாவுக்குத் தெரிந்தன. வெகுநேரம் தன் வீட்டுத் தாழ்ந்த தரையையே பார்த்தார்.

“ஒசத்திக் கட்டச் சொல்லு. எங்க பக்கமா ஒரு படி வை. தண்ணி வந்தா நாங்களும் ஏறி வரணும்ல.”

அவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. நாளைக்கு மனம் மாறினால்? அப்பாவே மாறினால்?

மறுநாள் காலை அப்பா கத்தியால் கம்பத்துச் சிமெண்டைச் சுரண்டினார். அடியிலிருந்து சிவப்பு வெளியே வந்தது. “இதுதானேம்மா?” என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தோடு ஒட்டி நின்று, முதலில் தோளை வைத்துப் பார்த்தேன்.